சிபியின் தொடைக்கும் ஜிஎஸ்டி

சிபிச் சக்கரவர்த்தியின் கதையில் ஓர் இடம் இடிக்கும். புறா என்ன, கால் கிலோ இருக்குமா? அதற்கு ஈடாகத் தொடைக் கறியை அறுத்து வைத்தாராம், தட்டு இறங்கவில்லை. இன்னும் அறுத்தாராம், இறங்கவில்லை. கடைசியில் மனிதர் தானே தராசில் ஏறி உட்கார்ந்தாராம். ஒரு புறாவுக்கு இவ்வளவு கனமா என்று கேட்கும் பிள்ளைகளை "அது அக்கினி தேவன், மாறுவேடம்" என்று சொல்லி ஆசிரியர்கள் அடக்கிவிடுவார்கள். சிங்கப்பூரில் அந்த விளக்கம் தேவைப்படாது. இரவு பதினொரு மணிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓடியவர்களுக்கு, அறுக்க அறுக்க இறங்காத தட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சக்கரவர்த்தி இன்று சிராங்கூன் சாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் அடிபட்ட புறா. ஒரு மருந்தகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறார்.

"புறாவோட பேரு என்ன அங்கிள்?"

"புறாதானம்மா."

"பேரு இல்லாம சிஸ்டத்துல ஏத்த முடியாதே. சரி, சிபின்னே போட்டுடுறேன். நீங்கதானே டாடி?"

சோழ குலத்தவர் தலையை ஆட்டுகிறார். முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கிறார். மருத்துவர் கனிவானவர், உண்மையிலேயே கனிவானவர். புறாவைத் தடவிக் கொடுத்துவிட்டு, இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடலாம், எக்ஸ்ரே இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் நல்லது, ஓர் இரவு கண்காணிப்பில் இருக்கட்டும் என்கிறார். மதிப்பீட்டுத் தாள் வருகிறது. அதில் இரண்டு தொகைகள்: குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு. கையெழுத்துப் போடுகிறவர் கண் முதல் தொகையில் நிற்கும். வங்கிக் கணக்கு இரண்டாவது தொகைக்குப் போய்ச் சேரும். சிபி வாளை உருவித் தொடையில் வைக்கிறார். "அங்கிள், கறியெல்லாம் வாங்க மாட்டோம். நெட்ஸா, கார்டா? ஜிஎஸ்டி ஒன்பது விழுக்காடு சேர்த்துத்தான் வரும்."

சிரித்தாயிற்றா? இனிச் சட்டத்துக்கு வருவோம்.

சிங்கப்பூரின் விலங்குகள், பறவைகள் சட்டம் நல்ல சட்டம். 2014-ல் அதைத் திருத்தியபோது, விலங்கு வளர்ப்பவருக்குப் பராமரிப்புக் கடமை உண்டு என்று எழுதி வைத்தார்கள். தீனி போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், கடும் காயமோ நோயோ வந்தால் தாமதிக்காமல் கண்டறிய வழிசெய்ய வேண்டும். செய்யத் தவறினால், முதல் முறை பிடிபடும் தனிநபருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பூனையைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் அதுவும் குற்றம். ஒரு வரியைக்கூட நான் குறைசொல்ல மாட்டேன். வாயில்லாச் சீவனை வளர்க்க எடுத்தால் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சிகிச்சைக்கு என்ன விலை என்ற கேள்வி வந்ததும் அதே அரசாங்கம் திடீரென்று வேதாந்தியாகிவிடுகிறது. விலங்கு மருத்துவக் கட்டணத்தை நாங்கள் கட்டுப்படுத்துவதில்லை, சந்தை பார்த்துக்கொள்ளும். சந்தையும் பார்த்துக்கொள்கிறது, அதற்குத் தெரிந்த விதத்தில். வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும் என்று வாங்குபவரின் கழுத்தில் சட்டம் கைவைத்திருக்கும் கடையில், விற்பவருக்கு மட்டும் முழுச் சுதந்திரம். அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டு. பில்லுக்குக் கிடையாது.

மனிதர்கள் கதை வேறு. அறுவை சிகிச்சைக்குத் தனியார் மருத்துவர் எவ்வளவு வாங்கினால் நியாயம் என்று சுகாதார அமைச்சு 2018 முதல் அளவுகோல் வெளியிடுகிறது. மெடிசேவ் சேமிப்பு இருக்கிறது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறது, சாஸ் சலுகை அட்டை இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் சலுகைக் கட்டணம். அந்தக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டியை அரசே ஏற்றுக்கொள்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இதில் எதுவும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய சேம நிதியில் அவை சந்தா கட்டவில்லைதானே. ஆனால் வரி மட்டும் ஏன் முழுதாக? 2024 சனவரியில் வரி ஒன்பதாக உயர்ந்தபோது, நொண்டி நாயின் காலுக்கும் மாலில் வாங்கும் கைப்பைக்கும் ஒரே விகிதம்தான்.

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மெல்லியது. உப்புக் கற்கள் அதில் போய் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் குந்திக் குந்திப் பார்க்கும், சொட்டும் வராது. ஒன்றிரண்டு நாள் விட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். பூனை வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார், சாதாரணமாக வரும் தொல்லைதான். தேக்காவில் பூத்தொடுக்கும் ஓர் அக்காவின் பூனைக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு இது வந்தால் என்ன ஆகும்? முதலில், போய்ச் சேர வேண்டும். எம்ஆர்டியில் ஏற்ற மாட்டார்கள், பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள். வழிகாட்டி நாய்க்கு மட்டும் அனுமதி. டுரியான் பழத்துக்கும் நோயாளிப் பூனைக்கும் நம் ரயிலில் ஒரே மரியாதை. விலங்குகளை ஏற்றும் வாடகைக் கார் தனியாக உண்டு, அதற்குத் தனி விலை. பகலில் மருத்துவர் முகத்தைப் பார்க்க ஐம்பது வெள்ளி முன்னே பின்னே ஆகும் என்றால், இரவில் அது மூன்று நான்கு மடங்கு. அப்புறம் மயக்க மருந்து, குழாய், உப்பு நீர், இரத்தப் பரிசோதனை, மறுநாள் மறுபடி இரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று இரவு தங்கல். ஆயிரம் வெள்ளி என்பது இந்தக் கணக்கில் பிள்ளையார் சுழி.

முகப்பில் இருக்கும் பெண் அக்காவை "மம்மி" என்று கூப்பிடுவார். நம் ஊர் மருந்தகங்களில் இது சம்பிரதாயம். மூன்று மல்லிகைப் பந்துக்கு ஒரு வெள்ளி குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் பேரம் பேசினால் முறைக்கத் தெரிந்த அக்கா, இங்கே வாயைத் திறக்க மாட்டார். பெற்ற தாய் பிள்ளையின் உயிருக்குப் பேரம் பேசுவாளா? அந்த ஒரு சொல்லிலேயே வாதம் முடிந்துவிடுகிறது. மதிப்பீட்டுத் தாளின் அடியில், கொஞ்சம் தள்ளி, மற்றொன்றும் இருக்கிறது: கருணைக் கொலை. தாளிலேயே மலிவான சிகிச்சை அதுதான். குணமாகக்கூடிய நோய்க்கு, வலி தாங்க முடியாமல் அல்ல, பணம் கட்ட முடியாமல் ஊசி போடுவதற்கும் கருணை என்றுதான் பெயர். யாருக்கு யார் காட்டும் கருணை என்று தாளில் எழுதியிருக்காது.

இத்தனைக்கும் லிட்டில் இந்தியா விலங்குகளால் பிழைத்த பேட்டை. பஃப்பலோ ரோடும் கெர்பாவ் ரோடும் சும்மா வைத்த பெயர்கள் அல்ல. எருமைப் பட்டிகள் நின்ற இடம். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. நம்மவர்கள் மாடு மேய்த்தார்கள், பால் கறந்து வீடு வீடாக ஊற்றினார்கள். பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல். 1840களில் தொடங்கி 1933-ல் புக்கித் தீமாவுக்குப் போகும்வரை குதிரைகள் அங்கேதான் ஓடின. பந்தயக் குதிரைக்கு வைத்தியர் இல்லை என்று எந்தக் காலத்திலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. பணம் சம்பாதித்துத் தரும் விலங்குக்கு எப்போதும் வைத்தியம் உண்டு. 2024 அக்டோபர் 5-ல் கிராஞ்சியில் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்துவிட்டது. ரேஸ் கோர்ஸ் சாலையில் இப்போது மீன் தலைக் கறிதான் ஓடுகிறது.

பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் நமக்கு விலங்குப் பாசம் பொத்துக்கொண்டு வரும். பண்ணையிலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து லிட்டில் இந்தியாவில் கட்டி வைப்பார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று படம் எடுப்போம். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை, வாய்க்குக் கரும்பு. படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் கீழ்த்தளத்துப் பூனைக்கு ஒரு கைப்பிடித் தீனி வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டால், பண்டிகை நாளில் இதெல்லாம் எதற்கு என்பார்கள்.

பூனையின் வரலாறு இன்னும் விசேடமானது. 1989-லிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்ப்பது சட்டப்படி கூடாது என்றிருந்தது. நாயில் குறிப்பிட்ட சிறு இனங்கள் கூடும், பூனை கூடாது. அதே காலத்தில் சிங்கப்பூரா என்ற நம் சாக்கடைப் பூனையைச் சுற்றுலாச் சின்னமாக்கி, கேவனா பாலத்தருகே வெண்கலத்தில் குட்டிகளோடு உட்கார வைத்தார்கள். வெண்கலப் பூனைக்குச் சிறுநீர் அடைக்காது பாருங்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 1-லிருந்து உயிருள்ள பூனைக்கும் குடியுரிமை கிடைத்தது. வீட்டுக்கு இரண்டு வரை வளர்க்கலாம். சில்லு பொருத்த வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும், இணையத்தில் பாடம் படிக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடையும் அறிவித்தார்கள். கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் கருத்தடை வாழ்வில் ஒரு முறை வருவது. சிறுநீரகம் கெடுவது, பல் அழுகுவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டு வரிசையாக வருபவை. பிள்ளை பெறாமல் இருக்க உதவுவோம், பிழைத்திருக்க உதவ மாட்டோம் என்பது எந்த ஊர்க் கொள்கை?

"காப்புறுதி எடுத்திருக்கலாமே" என்று ஒரு குரல் கேட்கிறது. எடுக்கலாம். பிராணி இளமையாக, நோயே இல்லாமல், சிகிச்சை தேவைப்படாத நிலையில் இருக்கும்போது எடுக்கலாம். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடையாது, வயது கூடினால் கிடையாது, பில்லில் ஒரு பங்கு உங்களுடையது, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு கூரை. காப்புறுதிக்காரருக்குக் கூரை போடத் தெரிந்திருக்கிறது.

"ஜோகூருக்குப் போகலாமே" என்று இன்னொரு குரல். நம் பல்லைப் பிடுங்க ஜோகூர் போகலாம், முடி வெட்டப் போகலாம், கார் கழுவப் போகலாம். பூனையின் பல்லுக்குப் போக முடியாது. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை, மலேசியாவில் இருக்கிறது. ஆகவே பாலத்தைக் கடந்து போன பிராணி திரும்பி வர அனுமதிச் சீட்டு, தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் வேண்டும். நியாயமான விதி. விளைவு என்னவென்றால், அக்கம்பக்கத்தில் மலிவான போட்டியே இல்லாத ஒரு சந்தையைத்தான் சுதந்திரச் சந்தை என்று நமக்குச் சொல்கிறார்கள்.

மருத்துவர்களைக் கரித்துக்கொட்டுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி கிடையாது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயம் உண்டு. மருத்துவராக வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போய், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி, ஐந்தாறு ஆண்டு படித்துவிட்டு வர வேண்டும். அப்பன் வீட்டை அடகு வைத்துப் படித்தவரிடம் தருமத்துக்கு வைத்தியம் பார் என்று யார் சொல்வது? கடை வாடகை, எக்ஸ்ரே இயந்திரம், இரவு வேலைக்கு ஆள் கிடைக்காத பாடு, கூடவே காசில்லாத கோபத்தை அவர் முகத்தில் கொட்டிவிட்டுப் போகும் நம்மைப் போன்றவர்கள். மருத்துவ மாணவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் நாடு, இந்தப் படிப்புக்கு உள்ளூரில் ஓர் இடம்கூட வைக்கவில்லை. சென்னை வேப்பேரியில் கல்லூரி 1903-ல் வந்துவிட்டது. அதன் மருத்துவமனை வாசலில் மாடும் நாயும் ஆடும் கிளியும் வரிசையில் நிற்கும்; கூட்டம் நெரியும், நேரம் போகும், சொகுசு நாற்காலியும் காப்பி இயந்திரமும் இருக்காது. ஆனால் கூலி வேலை செய்பவரும் தன் நாயைக் கொண்டுவந்து காட்டலாம். அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை விலங்கு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பயிற்சி மருத்துவமனையும் இருக்கும். உலகத் தரம் உலகத் தரம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் ஊரில் இது மட்டும் இறக்குமதிச் சரக்கு.

என் கோபம் வேறு இடத்தில். உலகம் முழுக்க மருத்துவரின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் முதலாளி மாறிக்கொண்டிருக்கிறார். பிரிட்டனில் 2013-ல் பத்தில் ஒரு விலங்கு மருந்தகம்தான் பெரிய குழுமங்கள் கையில் இருந்தது. பத்தாண்டுக்குள் கிட்டத்தட்ட பத்தில் ஆறு. அந்நாட்டுப் போட்டித்தன்மை ஆணையம் 2024-ல் முறையான விசாரணையே தொடங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் மூன்றிலும் மருந்தகங்கள் வைத்திருக்கும் வெட்பார்ட்னர்ஸ் குழுமத்தை 2023-ல் ஸ்வீடனின் முதலீட்டு நிறுவனம் ஈக்யூடி வாங்கியது. முதலீட்டு நிதிக்குப் பூனைமேல் என்ன பாசம்? பூனைக்காரரின் பாசத்தின்மேல் பாசம். இவர்கள் எல்லாருக்கும் பெரியண்ணன் மார்ஸ். ஆமாம், சாக்லேட் மார்ஸ்தான். பெடிகிரீ, விஸ்காஸ், ராயல் கேனின் தீனிகள் அவர்களுடையவை. 2017-ல் விசிஏ என்ற அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கிலியைச் சுமார் 910 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். நாய்க்குச் சாக்லேட் நஞ்சு. நஞ்சும் அவர்களுடையது, தீனியும் அவர்களுடையது, நாய் இரண்டையும் மாற்றித் தின்றுவிட்டால் வயிறு கழுவும் ஆஸ்பத்திரியும் அவர்களுடையது. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். வள்ளல்களில் வணிகம் படிக்காதவன்.

நம் பங்கும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். மூக்கு உள்ளே அமுங்கிய பிரெஞ்சு புல்டாக் குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். மூச்சு விட முடியாத மாதிரி இனப்பெருக்கம் செய்த நாய் அது. வீட்டுக்கு வந்ததும் குறட்டை விடுவதைக் காணொளி எடுத்துப் போட்டு "அழகு" என்கிறோம். இரண்டு ஆண்டு கழித்து மூக்குத் துளையை அகலமாக்க அறுவை சிகிச்சை என்றதும் "அநியாயக் கொள்ளை" என்று கத்துகிறோம். நாய்க்குத் தள்ளுவண்டி, பிறந்தநாள் கேக், தீபாவளிக்குப் பட்டு வேட்டி. இவற்றுக்கெல்லாம் பில் கேட்டு நாம் அதிர்ந்ததில்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்து விலை போடும் சந்தையில்தான், புளோக்கின் கீழே பூனைகளுக்குச் சோறு வைக்கும் பாட்டியும் நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வீட்டில் ஒரு பூனையும் இல்லை, உரிமமும் இல்லை. கார் ஏறிய குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போவார், தன் பெயரில் கையெழுத்துப் போடுவார், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பார். ஊரின் பூனை, பாட்டியின் கடன். விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ சுங்கை தெங்காவில் மருந்தகம் நடத்தித் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. தேக்காவிலிருந்து தீவின் மேற்கு மூலைக்கு, பேருந்தில் ஏற்றாத குட்டியோடு பாட்டி எப்படிப் போவார் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

வட்டாரத்துக்கு ஒரு பலதுறை மருந்தகம் கட்டத் தெரிந்த நாட்டுக்கு, தீவின் நான்கு திசையில் நான்கு விலங்கு மருந்தகம் கட்டுவது பெரிய காரியமில்லை. ஆண்டுதோறும் பத்து மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து வெளிநாடு அனுப்பி, திரும்பி வந்து அங்கே நான்கைந்து ஆண்டு வேலை பார் என்று ஒப்பந்தம் போடலாம். மற்ற துறைகளுக்கு இதைத்தான் செய்கிறோம். அடிக்கடி வரும் சிகிச்சைகளின் விலையை வாசலிலேயே எழுதி ஒட்டச் சொல்லலாம்; உணவங்காடியில் மூன்று வெள்ளித் தோசைக்கே விலைப் பலகை உண்டு. சிகிச்சைக்காவது ஜிஎஸ்டியை விட்டுக்கொடுக்கலாம். இதில் எதுவும் புரட்சி அல்ல.

ஆகவே, வாசகரே, உங்களுக்கு இரண்டு வேலை. மதிப்பீட்டுத் தாள் நீட்டப்படும்போது ஒவ்வொரு வரியையும் தொட்டு, இது எதற்கு, இன்றே வேண்டுமா, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். மம்மி என்று அழைத்தாலும் கேளுங்கள். அடுத்தது, அந்தப் பில்லைக் குப்பையில் போடாதீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள், வரிசையில் எண் வாங்கி உட்காருங்கள், மேசைமேல் விரித்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். புளோக்கில் பூனைக்குச் சோறு வைக்கும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையில் ஒரு கட்டே இருக்கும்.